மிச்சம் ஒரு முகம்

"முதல்ல அந்த வயலினை எடுங்க. அதை எந்தக் கையில பிடிக்கணும்னுகூட எனக்குத் தெரியாது" என்றாள் மனைவி.

"வயலின் இருந்தாத்தான் படத்துக்கு ஒரு ஆழம் வரும்" என்றார் புகைப்படக்காரர்.

"போன தடவை ஆழத்துக்கு மீன் தொட்டி வச்சீங்க. நடுவர் என்ன எழுதினார்?"

நடுவர் எழுதியது புகைப்படக்காரருக்கு மனப்பாடம். 'படத்தில் எல்லாம் இருக்கிறது, எதுவும் தெரியவில்லை.' மூன்றாம் முறையாகத் திரும்பி வந்த படத்தின் பின்புறத்தில் அந்த வரி இன்னும் இருந்தது. 'மனித முகம்' போட்டிக்கு இன்று மாலையோடு கெடு முடிகிறது. இந்த முறையும் தோற்றால் ஸ்டுடியோவை மூடிவிட்டு மைத்துனரின் இரும்புக் கடையில் உட்காருவதாக அவரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். மைத்துனர் நாற்காலியைத் துடைத்தே வைத்துவிட்டார்.

வயலின் வெளியேறியது.

"அந்த லேம்ப்?"

"அது அந்தக் காலத்து லேம்ப்."

"படம் லேம்புக்கா, எனக்கா?"

லேம்பும் போயிற்று. அதைத் தொடர்ந்து பூச்சாடி, முக்காலி, ஜரிகைத் திரை. ஒவ்வொன்றாக விலக விலக, கேமராவுக்குள் அவள் முகம் முன்னுக்கு வந்துகொண்டே இருந்தது. கடைசியில் வெறும் வெள்ளைச் சுவர். அதன் முன்னே, அடர்நீல உடையில் அவள்.

அவருக்குக் கை பரபரத்தது.

"கண்ணாடியைக் கழட்டு. வெளிச்சம் பட்டு மின்னுது. தலையைச் சாய்க்காதே, நேரா பாரு. சிரிக்கவும் வேண்டாம். சிரிப்பும் ஒரு அலங்காரம்தான்."

"உங்களைப் பார்த்துச் சிரிக்காம இருக்கிறதுதான் கஷ்டம்" என்றபடி அவள் முடியை ஒதுக்கிக்கொண்டாள். "காது ரெண்டும் தெரியுதா?"

"தெரியட்டும். மறைக்க எதுவும் வேண்டாம். அசையாதே."

ஒரே ஒரு க்ளிக்.

படத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். இருபத்தாறு ஆண்டுகளாக எதிரே உட்கார்ந்து சாப்பிடும் முகம்தான். அதன் இடது புருவத்தில் ஒரு தழும்பு இருப்பதை இன்றுதான் பார்த்தார்.

"இதுதான்" என்றார். "இத்தனை வருஷமா இதைத்தான் தேடிட்டிருந்தேன். ஒண்ணொண்ணா எடுத்துடணும்னு உனக்கு எப்படித் தோணுச்சு?"

"முதல்ல அனுப்புங்க. ஆராய்ச்சி அப்புறம்."

உடனே போட்டிக்கு அனுப்பினார். அனுப்பிய பிறகும் உட்கார முடியவில்லை; காலியான அறையைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தார்.

"ஜெயிச்சாலும் தோத்தாலும் இதை ஆள் உயரத்துக்குப் பிரிண்ட் போட்டு வாசல்ல மாட்டப்போறேன்."

"ஆள் உயரம் அப்புறம் ஆகட்டும். இப்போ சின்னதா எட்டு காப்பி போடுங்க" என்றபடி அவள் கைப்பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து விரித்தாள். மேல் மூலையில், படம் ஒட்டும் கட்டம் காலியாக இருந்தது. "மூணு மணிக்குப் பாஸ்போர்ட் ஆபீஸ்ல நிக்கணும். அடுத்த தெருவுல போய் எடுத்துக்கிட்டா உங்களுக்குத்தான் மானக்கேடு. 'இது கலைக்கூடம், பாஸ்போர்ட் போட்டோ எடுக்கப்படாது'ன்னு வாசல்ல போர்டு மாட்டினவர்கிட்ட வேற எப்படிங்க கேக்கிறது?"