பந்துக்கு இட்ட பொட்டு

த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலில் ஊதுபத்திப் புகைக்குள் காலை வெயில் சாய்கிறது. நாளை கடைக்குப் போகவேண்டிய, குப்பிக்கட்டைகளைச் சாய்க்க உருட்டும் பௌலிங் பந்து அம்மன் முன்னால் நீலமாக மினுங்குகிறது. பந்தைச் சுற்றி வார்த்த புது ரக மேலுறைக்கு இன்னும் பெயர் அமையவில்லை. அதைச் செய்த சொக்கநாதன், அதில் கலந்த பொருள்களின் சேர்மானத்தை மனைவி தெய்வயானையிடம்கூடச் சொன்னதில்லை. அர்ச்சகர் எண்ணெயில் குழைத்த குங்குமத்தைப் பந்துக்கு இடுகிறார். கறை பிடித்துவிடுமோ என்று தெய்வயானை முந்தானையால் துடைக்கிறாள். மேலுறை எண்ணெயை உறிஞ்சிக்கொள்ள, பொட்டு உள்ளே இறங்கிச் சிவந்து நிற்கிறது. "பேரு கெடச்சிருச்சு," என்கிறாள். "சொல்லேன்," என்கிறார் சொக்கநாதன். "சேர்மானத்த நீங்க சொன்னியளா?" வேண்டுதலைச் சுவரோடு கிசுகிசுப்பது இந்தக் கோயில் வழக்கம். அவள் கற்சுவரில் நெற்றியை வைத்து அந்தப் பெயரை அம்மனிடம் மட்டும் சொல்கிறாள். சொக்கநாதனின் காது மெல்லச் சுவரை நெருங்குகிறது.