நீச்சல் தெரிந்தவர்

ஐம்பத்திரண்டு வயதில் தன் மனைவி, நீச்சல்குளத்தின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைப்பதைப் பார்க்கக் கேப்டனுக்குச் சகிக்கவில்லை.

கப்பல் ஓட்டி வாங்கிய பட்டம் இல்லை அது. வெள்ளம் கரைபுரண்ட ஆற்றை வாலிப வயதில் நீந்திக் கடந்த கதையை முப்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி, மருமகன் வாயால் சம்பாதித்த பெயர்.

அந்த ஆற்றின் அகலம் வருடா வருடம் கூடிக்கொண்டே வந்தது.

எருமை குளிப்பதில்கூட ஒரு லட்சணம் உண்டு என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதை அடக்கிவைக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லியும் விட்டார்.

மூக்கில் தண்ணீர் ஏறி அவள் தும்மினாள். தொப்பி நழுவிக் கண்ணை மறைத்தது. நண்டும் சிண்டுமாகப் பொடிசுகள் அவளைச் சுற்றிக்கொண்டு நீந்திப் போயின. மானக்கேடு.

அடுத்த வாரம் மகள் தன் பிள்ளைகள் இரண்டையும் இவர்களிடம் விட்டுவிட்டு வெளியூர் போகிறாள். ஏரிக்கரையில் வீடு எடுத்தாகிவிட்டது. பொழுதன்றைக்கும் தண்ணீரில்தான் கிடக்கும் அந்த வானரங்கள். அப்பா இருக்கும்போது தனக்கென்ன பயம் என்று மகளே சொல்லிவிட்டாள்.

பிறகு இவளுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை?

பயிற்சி கொடுக்கும் பெண் ஏதோ சொன்னாள். மனைவி கம்பியை விட்டாள்.

கேப்டன் சிரிக்கத் தயாரானார்.

அவள் மூழ்கவில்லை. கோணல்மாணலாக, பாதித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, ஆனாலும் நிற்காமல் எதிர்ப்பக்கம் போய்த் திரும்பி, அவர் காலடியில் வந்து கம்பியைப் பிடித்தாள்.

பக்கத்து நாற்காலிக்காரர் கைதட்டினார். கேப்டனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அதான் நான் இருக்கேன்ல? உனக்கெதுக்கு இந்தக் கூத்தெல்லாம்?"

அவள் முகத்தை வழித்துக்கொண்டாள். பயிற்சிப் பெண் நகர்ந்து, பக்கத்து நாற்காலிக்காரரும் தன் பிள்ளைக்குத் தலை துவட்ட எழுந்து போகும்வரை பொறுத்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் அவள் அவரை விட்டுக்கொடுத்ததில்லை.

"பிள்ளைங்க தண்ணில இறங்குறப்ப, நீச்சல் தெரிஞ்சவங்க ஒருத்தராவது பக்கத்துல இருக்கணும் இல்லீங்களா?"

கோபமில்லாமல்தான் சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடியும் நீந்தப் போனாள்.

அவள் உதைத்த தண்ணீர் கொஞ்சம் அவர் காலில் தெறித்தது. கேப்டன் நாற்காலியைச் சுவர்வரை பின்னுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.