பேர் இல்லாத பூட்டு

"யார் பூட்டா இருந்தாலும் சரி, அவனுக்கு இன்னைக்குத்தான் கடைசி நாள்!"

மேனேஜர் ரஸ்ஸல் போட்ட சத்தத்தில் கரும்பு மில்லே கப்சிப் என்று ஆகிவிட்டது.

பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்திய நொறுக்கு இயந்திரம் மதியம் தாண்டியும் ஓடவில்லை. அதன் மெயின் சுவிட்சில் ஒரு சிவப்புப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

இயந்திரத்துக்குள் இறங்குகிற எவரும் சுவிட்சில் தன் பூட்டை மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். பூட்டு தொங்கும்வரை இயந்திரம் ஓடாது. ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. வெளியே வந்ததும் மாட்டியவரேதான் கழற்ற வேண்டும். அடுத்தவர் கை படக் கூடாது.

வெளியே கரும்பு ரயில்கள் வரிசைகட்டி நின்றன. குயின்ஸ்லாந்து வெயிலில் கரும்பு புளிக்க ஆரம்பித்துவிட்டது. விவசாயிகள் போனிலேயே கிழித்துத் தோரணம் கட்டினார்கள். ரஸ்ஸலுக்கு ரத்தம் கொதிக்காமல் என்ன செய்யும்?

"வெட்டி எறி அதை!" என்றார், ஷிஃப்ட் சூப்பர்வைசர் மெரிலிடம்.

"முடியாது ரஸ். உள்ள யாராவது இருந்தா சட்னியாயிடுவாங்க."

"எல்லாரையும் எண்ணியாச்சு. உள்ள ஒரு ஈ காக்கா இல்ல."

"யாருதுன்னு தெரியாம நான் தொட மாட்டேன். போன வருஷம் நீங்க போட்ட ரூல்தானே இது?"

அது சுருக்கென்று தைத்தது. பூட்டில் பேர் அட்டையும் இல்லை. கோபத்தைக் கொட்ட ஓர் ஆள் வேண்டுமே! காலையில் உள்ளே இறங்கிப் பழுது பார்த்த ஃபிட்டர் டாரில் எதிரிலேயே நின்றான்.

"உன் வேலைதானேடா இது?"

"என் பூட்டு இதோ, இடுப்புல தொங்குது பாஸ். பேர் போட்டிருக்கு, பாருங்க."

"உனக்கு ஒரு பூட்டுதான் கிடைக்குமா? பேர் இல்லாத பூட்டு ஆபீஸ்ல கூடை நிறையக் கெடக்கே!"

"அது விருந்தாளிங்களுக்கு வெச்சிருக்கறது," என்று குறுக்கிட்டாள் மெரில். "காலையில சுத்திப் பாக்க வந்தாங்களே, அவங்கள்ல யாராவது..."

"அவங்களை உள்ள இறக்கிக் காட்டினதே நான்தான்! அத்தனை பேர்கிட்டயும் பூட்டைத் திருப்பி வாங்கிட்டுத்தான் அனுப்பினேன். எனக்கே பாடம் நடத்தறியா?"



டாரிலுக்கு முகம் செத்துப்போனது. "பாஸ், நாங்க இருக்கறது மில் வீடு. வேலை போனா வீடும் போயிடும். பிள்ளைங்களைக் கூட்டிட்டு நான் எங்க போவேன்? சத்தியமா அது என் பூட்டு இல்ல."

"பூட்டை மறக்கறதுக்கு முன்னாடி பிள்ளைங்களை நெனைச்சிருக்கணும். மறதிக்கு இங்க மன்னிப்பே கிடையாது, அது எந்தக் கொம்பனா இருந்தாலும்! சாமானைக் கட்டு. நட!"

"விசாரிக்காம துரத்தறது அநியாயம் ரஸ்," என்றாள் மெரில்.

"அடுத்தது நீயா? உனக்கும் சேர்த்துச் சீட்டு கிழிக்கட்டுமா?"

சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். வயிறு என்று ஒன்று எல்லோருக்கும் இருக்கிறதே. டாரில் தன் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தான்.

கத்திக் கத்தி ரஸ்ஸலுக்கு வேர்த்து ஊற்றியது. முகத்தைத் துடைக்கக் கால்சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவினார். கூடவே என்னவோ வந்து 'டங்' என்று தரையில் விழுந்து உருண்டது.

சிவப்பு வளையம் கோத்த சின்னச் சாவி.

டாரில் குனிந்து எடுத்தான். சுவிட்ச் வரை நடந்தான். சாவியைப் பூட்டில் நுழைத்துத் திருப்பினான். பூட்டு வாயைப் பிளந்தது.

சாப்பாட்டுப் பெட்டியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, ரஸ்ஸலின் முகத்துக்கு நேரே வந்து நின்றான்.

"பாஸ், உங்க சாமானைக் கட்ட நான் ஒத்தாசைக்கு வரட்டுமா?"