எட்டாம் நாள் காலை

உடலுறவில் தொற்றிய நோய் என்று சொல்லி, கணவன் மனைவி இருவருக்கும் மாத்திரை கொடுத்த டாக்டரம்மா, அது தீரும்வரை ஏழு நாளும் சேரக்கூடாது என்று கண்டித்து அனுப்பியிருந்தார். எட்டாம் நாள் காலை, அடுப்படியில் நின்ற மேகலாவின் தோளில் தனராசு கை வைத்தான்.

"கெடு முடிஞ்சிருச்சுல்ல?"

"மாத்திரைய முழுசாப் போட்டீங்களா?"

"போட்டேன் புள்ள."

அவள் அவன் கையை விலக்கிவிட்டு, துவைக்க எடுத்த அவன் சட்டைப்பையில் கிடைத்த அட்டையை நீட்டினாள். ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை.

சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். "இன்னையிலருந்து எண்ணிக்கலாம்."

அவன் முதல் மாத்திரையை வாயில் போட்டான்.

"இன்னொருத்திக்கும் வாங்கணும்னா சொல்லிருங்க. அவளும் வலியோடதான இருப்பா."

நாக்கில் கசப்பு கரையக் கரைய, அவன் சொம்பைப் பிடித்தபடியே நின்றான்.