வெள்ளாற்றங்கரைப் புள்ளி

பேரிடர்ப் பணிக்கென்றே தனியாக வரப்போகும் அலைபேசிச் சேவைக்கு அன்று கடலூரில் பயிற்சி. புதுக் கருவிகள் பத்தும் மேசைமேல்தான் இருந்தன. ஆனால் ஒவ்வொரு கருவியும் இருக்கும் இடத்தைப் புள்ளியாகக் காட்டும் வரைபடத் திரையில், புவனகிரி வெள்ளாற்றங்கரையில் பதினோராவதாக ஒரு பச்சைப் புள்ளி நின்றது.

"டெமோவுக்குப் போட்டதா இருக்கும் மேடம்," என்றார் பயிற்சியாளர்.

கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கும் இளவரசிக்கு அந்த இடம் தெரியும். முந்தைய வெள்ளத்தில் தீயணைப்பு வீரன் சிலம்பரசனை அங்கேதான் நிற்கச் சொல்லியிருந்தாள். அவள் 'திரும்பலாம்' என்று சொல்லாமல் யாரும் இடத்தைவிட்டு நகர மாட்டார்கள். சொல்வதற்குள் வயர்லெஸ் அடங்கிவிட்டது. மறுநாள் உடல்தான் கிடைத்தது.

எல்லோரும் டீ குடிக்கப் போனதும் ஒரு கருவியை எடுத்துப் பொத்தானை அழுத்தினாள்.

"சிலம்பரசா, வேலை முடிஞ்சுதுப்பா. நீ வூட்டுக்குப் போ."

புள்ளி நகர்ந்தது. பாலத்தைக் கடந்து, ஆள் நடக்கிற வேகத்தில் சிதம்பரம் சாலையில் போனது. பயிற்சி முடிகிற நேரத்தில் அவன் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது.

அவன் மனைவி ரேகா அந்த வீட்டைக் காலிசெய்துகொண்டு திருவதிகைக்குப் போய் ஒரு வருடமாகிறது. அதை அவனிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், பொத்தானில் விரலை வைத்தபடி இளவரசி உட்கார்ந்திருந்தாள். புள்ளி வாசலிலேயே நின்றது.