நிற்க வேண்டிய கார்

சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாசலில் வந்து நின்றால் கடைக்கே ஒரு களை வந்துவிடும் என்பது டயர்க்கடை மேனேஜரின் எண்ணம். அன்று அப்படியொரு காரை ஓட்டி வந்தவர் வைர வியாபாரியின் மனைவி. நாலு டயரும் தேய்ந்து வழுக்கையாகியிருந்தன.

"பழையபடி ரன்-ஃப்ளாட்டே போட்டுடலாமா மேடம்?"

"அதுக்கும் சாதாரண டயருக்கும் என்ன வித்தியாசம்?"

மேனேஜருக்கு உற்சாகம் பிறந்தது. "ரன்-ஃப்ளாட்டுக்குப் பக்கச்சுவர் கெட்டி மேடம். காத்து முழுசா இறங்கினாலும் உட்காராது. அப்படியே எண்பது கிலோமீட்டர் போயிடலாம். என்ன, மேடு பள்ளத்துல கொஞ்சம் இடுப்பைப் பதம் பார்க்கும். சாதாரண டயர் மெத்துன்னு போகும். ஆனா காத்து போச்சுன்னா போச்சு. இந்த வண்டியில ஸ்டெப்னி வைக்கவும் இடமில்லை."

"அப்ப நின்ன இடத்துலயே நின்னுடுமா?"

"அசையாது மேடம்."

"சாதாரண டயரே போடுங்க."

தான் சொன்னது அந்தம்மாவுக்குப் புரியவில்லையோ என்று மேனேஜருக்குச் சந்தேகம். மறுபடி விளக்க வாயெடுத்தவரை அவர் கையமர்த்தினார்.

"வெள்ளிக்கிழமை எங்க வீட்டுக்காரர் இதுல தனியா மலைப்பாதையில போறார். போன் சிக்னல்கூடக் கிடைக்காத இடம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அங்க டயர் போனா வண்டி உருண்டுடுமா?"

"அது... வேகத்தைப் பொறுத்தது மேடம்."

"வேகமாத்தான் போவார். அது அவர் தலையெழுத்து." கிளம்பும்போது திரும்பி நின்றார். "அவர் ரன்-ஃப்ளாட்தான் போடச் சொன்னார். மாத்தினது அவருக்குத் தெரிய வேண்டாம்."

மேனேஜர் பேனாவைத் தேடுவதுபோல் மேஜைக்கடியில் குனிந்து முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"போலீஸ்ல சொல்லிடுங்களேன்."

"என்னன்னு சொல்றது? ஒரு அம்மா டயர் வாங்கினாங்கன்னா? சிரிப்பாங்க. அப்புறம் சாட்சி அது இதுன்னு கோர்ட் வாசல்ல தவம் கிடக்கணும்."

"அப்ப நமக்கேன் வம்பு? பேசாம இருங்க."

"ஒரு உசிர் போறதைப் பாத்துக்கிட்டா?"

மேனேஜர் மனதில் ஒரு முடிவு தயாராகிவிட்டது.

மறுநாள் மெக்கானிக்குகளைச் சாப்பிட அனுப்பிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே வேலையில் இறங்கினார். நாலும் புத்தம்புது ரன்-ஃப்ளாட். பில்லில் மட்டும் சாதாரண டயர். விலை வித்தியாசத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். வருகிற புண்ணியத்துக்கு இதுகூடச் செலவழிக்காவிட்டால் எப்படி?

காரை எடுக்க வந்த அந்தம்மா குனிந்து டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். மேனேஜர் அவசரமாகப் பில்லை நீட்டினார்.

"நல்லா மெத்துன்னுதான் இருக்கு" என்றார் திருப்தியாக.

அதோடு விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை, பழைய பில்லில் இருந்த நம்பரைப் பார்த்து, பக்கத்து மருந்துக்கடைப் போனிலிருந்து வைர வியாபாரியைக் கூப்பிட்டார்.

"சார், என் பேர் வேண்டாம். உங்க நல்லதுக்குச் சொல்றேன். வழியில டயர்ல காத்து போன மாதிரி தெரிஞ்சா நிறுத்திடாதீங்க. யார் கை காட்டினாலும் நிறுத்தாதீங்க. போட்டிருக்கிறது ரன்-ஃப்ளாட்தான், தைரியமா ஓட்டிக்கிட்டே இருங்க."

மறுமுனையில் கார்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"ரொம்ப நன்றி" என்றது நிதானமான குரல். "இந்த உதவியை மறக்க மாட்டேன்."

சனிக்கிழமைப் பேப்பரை மேனேஜர் வரி விடாமல் மேய்ந்தார். மலைப்பாதையில் விபத்து என்று எங்கேயும் இல்லை. மனைவியிடம் கேட்டு இன்னொரு காபி வாங்கிக் குடித்தார். ஓர் உயிரைக் காப்பாற்றியவன் குடிக்கும் காபிக்கு ருசியே தனி.

திங்கட்கிழமை அந்தம்மா கடைக்கு வந்தார். கண்கள் வீங்கியிருந்தன. கூடவே கறுப்புக் கண்ணாடி போட்ட, தோள் அகன்ற ஓர் ஆள்.

ஓஹோ, இவனுக்காகத்தானா இத்தனை ஏற்பாடு என்று நினைத்த மேனேஜருக்கு ரத்தம் கொதித்தது.

"என்ன டயர் போட்டீங்கன்னு..." என்று அந்த ஆள் ஆரம்பித்தான்.

"ரன்-ஃப்ளாட்" என்றார் மேனேஜர், எழுந்து நின்று. "இந்தம்மா கேட்டது வேற. போட்டது வேற. பில்லைக்கூட மாத்தித்தான் எழுதினேன். உங்க திட்டமெல்லாம் எனக்குத் தெரியும். அவருக்குப் போன் பண்ணி, எதுக்கும் நிக்காதீங்க, யார் கை காட்டினாலும் நிக்காதீங்கன்னு சொன்னதும் நான்தான். இப்ப என்ன பண்ணுவீங்க?"

அந்தம்மா தலையில் கைவைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஆள் நிதானமாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தான். குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர்.

"வாடிக்கையாளருங்க வைரத்தையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போலிக் கல்லை வச்சுக் குடுத்தவர் இவங்க புருஷன். துப்பு குடுத்ததே இந்தம்மாதான். கல்லோட கையும் களவுமா பிடிக்கணும்னு மலைப்பாதையில ஆணிப்பலகை போட்டுட்டுக் கை காட்டினது நாங்க. ஆள் நிக்கவேயில்லை. காத்தில்லாத நாலு டயரோட மாநில எல்லையைத் தாண்டிட்டார்" என்றார் இன்ஸ்பெக்டர்.

பிறகு, கைவிலங்கை எடுத்தபடியே சொன்னார்: "அவரோட கூட்டாளி யாருன்னு விசாரிக்கத்தான் வந்தேன். நீங்க என்னை ஒரு கேள்விகூட முழுசா கேக்க விடலை."