நாக்கில் பல் தடம்

"அந்த லியோங் மாமா இன்னைக்கும் வராண்டாவுல உக்காந்து நாக்கைக் கடிச்சுக்கிட்டிருக்கார், டாக்டர்" என்றாள் நர்ஸ் சியூஃபான்.

டாக்டர் கோங்குக்குச் சுருக்கென்றது.

சீன வைத்தியம் சொல்கிற மண்ணீரல் பலவீனம், அதாவது தின்றது உடம்பில் ஒட்டாத வியாதி. அதற்கு ஒரு மூலிகை வேரின் பொடியைக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தாள் அவள். இந்த வியாதிக்காரர்களுக்கு நாக்கு உப்பி, ஓரமெல்லாம் பல் பதிந்திருக்கும். குவாங்சோவில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்ததுதான் வினை. கடித்துத் தடம் உண்டாக்கிக்கொண்டு வருகிற நாலு பேர் போதும், வருஷக்கணக்கான ஆராய்ச்சியைக் குப்பையில் போட.

"முதல் தடவை வந்தப்ப கன்னம் ரெண்டும் ஆவியில வெந்த பன் மாதிரி இருந்துச்சு. சட்டையில வாத்து வறுவல் வாசனை வேற" என்றாள் சியூஃபான். "இப்பப் பாருங்க, ஒட்டிப்போய்க் கன்னம்கூட நடிக்கக் கத்துக்கிச்சு."

இலவசம் என்றால் பேதி மருந்துக்கும் வரிசையில் நிற்கிற ஜனம் உண்டு. டாக்டர் பார்க்காததா?

பல்லால் அழுத்திய தடம் கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும்; வியாதியால் வந்தது போகாது. அவரைப் பக்கத்து அறையில் உட்காரவைத்து, வெந்நீர் கொடுத்து, கடிக்க விடாமல் அரை மணி காவலிருக்கச் சியூஃபானிடம் சொன்னாள். தடம் மறைந்ததும் பெயரை அடித்துவிட்டு, மீதிப் பொட்டலங்களையும் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட வேண்டியதுதான்.

அவர் அந்தப் பக்கம் போனதும், கூட வந்த மனைவி குடையை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். எலும்பின் மேல் சட்டை மட்டும்தான் இருந்தது. டாக்டருக்கு அடையாளம் தெரிந்தது. இதே ஆராய்ச்சியில் சேர வந்தவள். வயிற்றில் புற்றுநோய், சேர்க்க விதி இல்லை என்று டாக்டரே திருப்பி அனுப்பியிருந்தாள்.

"பொடியை அவர் குடிக்கலை, டாக்டரம்மா. கரைச்சு எனக்குத்தான் ஊட்டுறார். அதுக்குத்தான் நாக்கைக் கடிச்சுக்கிட்டுச் சேர்ந்தார். அந்தப் பொடி வந்ததுலேருந்து நான் கஞ்சி குடிக்கிறேன்னு மாடி மாடியா சொல்லிக்கிட்டுத் திரியிறார்."

"குணம் தெரியுதா?" டாக்டருக்குள் இருந்த ஆராய்ச்சிக்காரி முந்திக்கொண்டு கேட்டுவிட்டாள்.

"என்னத்தைத் தெரியும்? அது வெறும் மாவு. நம்ம ஊர்ல எந்த வீட்டு சூப்புல அந்த வேரைப் போடலை? முதல் மடக்குலயே தெரிஞ்சுபோச்சு. கருக்கின அரிசி மாவு, கசப்புக்கு என்னத்தையோ சேர்த்திருக்கீங்க."

பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியக் கூடாது என்பது ஏற்பாடு.

"அப்ப கஞ்சி எப்படி இறங்குது?"

"எங்க இறங்குது? அவர் கிண்ணம் கழுவப் போனதும் வெளிய வந்துரும்." குடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே சொன்னாள். "நான் ஒரு வாய் வச்சாத்தான் அவர் ஒரு வாய் வைக்கிறார். நான் வைக்கலைன்னா அவர் தட்டும் அப்படியே கிடக்கும். பொடியை மட்டும் நிறுத்திடாதீங்க. அது இல்லைன்னா அந்த ஒரு வாயும் போயிரும்."

விதிகளில் இதற்கு இடமில்லை.

அரை மணி முடிந்து கதவு திறந்தது; சியூஃபான் அவரை அழைத்து வந்தாள். கிழவரைப் பார்த்ததும் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "டாக்டரம்மா சொல்றாங்க, எனக்கு மூஞ்சி தெளிஞ்சிருக்காம்."

அவர் சிரிக்கப் போனார். டாக்டரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நாக்கை நீட்டுங்க, மாமா."

திருடன் கையை நீட்டுவது போலக் கண்ணை மூடிக்கொண்டு நீட்டினார்.

சியூஃபான் டார்ச் அடித்துப் பார்த்தாள். நம்பாமல் இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"கடிக்கவே விடலை, டாக்டர். ஆனா தடம் போகலையே."

அவருடைய ஒட்டிய கன்னத்தை டாக்டர் அப்போதுதான் சரியாகப் பார்த்தாள்.

பொய் சொல்லிச் சேர்ந்தவர், இன்றைக்குத்தான் தகுதி பெற்றிருந்தார்.